எட்டு எண்ணுவதற்குள்

வேப்பூரில் பஸ் நின்றபோது என் மகள் அமலி, "வேப்பூர் வந்திருச்சாப்பா?" என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன். டீ வாங்கிக்கொண்டு வந்தேன். "வேப்பூர் வந்திருச்சாப்பா?" என்றாள். மூன்றாம் முறையும் அதையே கேட்டுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தாள்.

அதுதான் முதல் அறிகுறி. குத்துச்சண்டை பழகும் பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். டாக்டர்கள் சொன்னதில் எனக்குப் புரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அன்று காலை திருச்சியில் போட்டி. அதை முடித்துவிட்டு ஊர் திரும்பும் வழியில்தான் வேப்பூர். இரண்டாவது ரவுண்டில் அமலி தாடையில் குத்து வாங்கி விழுந்தாள். நடுவர் எண்ண ஆரம்பித்தார் (எட்டு எண்ணுவதற்குள் எழுந்து, கையைத் தூக்கித் தயார் என்று காட்ட வேண்டும்). ஆறிலேயே எழுந்துவிட்டாள். கடைசியில் ஜெயித்தும் விட்டாள். விழுந்தாலும் எழுந்துவிடுகிற பெண் என்று அவளுக்கு ஒரு பேர் உண்டு.

அந்தப் பேருக்குக் காரணம் நான்தான். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறையில் எனக்கு வேலை. ஷிப்டு முடிந்து வந்ததும் அவளைத் தரையில் படுக்கச் சொல்லி எண்ணுவேன். எட்டுக்குள் எழுந்து, இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கி, "ரெடி" என்று சொல்ல வேண்டும். காய்ச்சல் அடித்த நாளில்கூடச் சொல்ல வைத்திருக்கிறேன்.

என் மனைவி ரோஸி கேலி பண்ணுவாள். "ஊர்ல புள்ளைய உக்காந்து படின்னுவாங்க. இவரு வுழுந்து எந்திரின்றாரு."

வேப்பூரில், "நல்லாருக்கியா பாப்பா?" என்று கேட்டேன். இரண்டு கையையும் தூக்கினாள். "ரெடி. காலைல தின்ன பூரி ஒத்துக்கல. கோச்சுகிட்ட சொல்லிடாதப்பா, மாநிலப் போட்டிக்கு அனுப்ப மாட்டாரு."

பூரிதான் என்று நானும் நம்பினேன். நம்ப எனக்கு ஆசையாக இருந்தது.

வீட்டு வாசலில் ரோஸி அவள் முகத்தை ஒரு தடவைதான் பார்த்தாள். "என்னங்க, இவளுக்கு ஒரு கண்ணுல கருமணி பெருசா இருக்குது." பையைக்கூட உள்ளே வைக்காமல் ஆட்டோ பிடித்தோம்.

மருத்துவமனையில் டாக்டரம்மா கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "தலை வலிக்குதாம்மா?"

அமலி கைகளைத் தூக்கினாள். "ரெடி." நாக்கு குழறியது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அவ சொல்றத விடுங்க. நீங்க என்ன பாத்தீங்க?"

அமலி என்னையே பார்த்தாள். சொல்லாதே என்கிற பார்வை. விழுந்ததையும், வேப்பூரில் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டதையும், வாந்தியையும் சொன்னேன்.

"வாந்தி எடுத்து எவ்வளவு நேரமாச்சு?"

"ஒரு மணி நேரம் இருக்கும்ங்க."

"அங்கயே இறங்கியிருக்கணும்," என்று மட்டும் சொன்னார்.

ஸ்கேனில் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே இரத்தக்கட்டு இருந்தது (அடிபட்ட இரத்தக்குழாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மூளையை அழுத்தும். அதுவரை பிள்ளை நடக்கும், பேசும், ஜெயிக்கவும் செய்யும்). ஆம்புலன்சில் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள்.

வழியில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கூப்பிட்டும் திறக்கவில்லை. என்னை அறியாமலே வாய்விட்டு எண்ண ஆரம்பித்தேன். எட்டு வந்தது. அவள் விரல்கூட அசையவில்லை.

"எண்ணாதீங்க," என்றாள் ரோஸி.

ஆபரேஷன் அறை வாசலில் எனக்குப் பட்டறைதான் ஞாபகம் வந்தது. சுடாத பொம்மை கை தவறி விழுந்தால், முழுசாக இருந்தாலும் சூளையில் வைக்க மாட்டோம். உள்ளே கீறல் இருந்தால் சூட்டில்தான் பிளக்கும். விழுந்ததைத் தனியாக எடுத்து வைப்பது புதிதாக வேலைக்கு வருகிறவருக்கும் தெரியும். என் மகள் விழுந்து எழுந்து மூன்றாவது ரவுண்டுக்குப் போனபோது நான் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாள்தான் பேசினாள். "அப்பா, தல வலிக்குது."

வலி என்று அவள் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. ரோஸி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இனி ரிங்குக்குள் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மாதம் அமலி என்னுடன் சரியாகப் பேசவில்லை. இடது கைக்கு மெதுவாகத்தான் தெம்பு திரும்பியது. சட்டைப் பொத்தான் ஒன்றைப் போட அவளுக்கு ஆகிற நேரத்தில் முன்பெல்லாம் ஒரு ரவுண்டே முடிந்திருக்கும். உதவிக்குப் போனால், "நீ சும்மா இருப்பா," என்பாள்.

எட்டு மாதம் கழித்துச் செக்கப்புக்குக் கிளம்பினோம். ஜங்ஷன் மேம்பாலப் படியில் பாதி ஏறியதும் நின்றாள். "தல சுத்துதுப்பா. உக்காரணும்." படியிலேயே உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். பழக்கத்தில் மனசு எண்ண ஆரம்பித்தது. எட்டு போனது, பத்து போனது, இருபதோ முப்பதோ, அதற்குப் பிறகு விட்டுவிட்டேன். கீழே எங்கள் ரயில் வந்து நின்று, கிளம்பியும் போனது.

பை தூக்கி வந்த ஒரு அம்மா நின்று கேட்டார். "இன்னா கண்ணு, ஒடம்பு சரியில்லையா?"

"ஆமாங்க," என்றாள் அமலி. "கொஞ்ச நேரம் ஆவும்."

அவளுடைய இரண்டு கைகளும் மடியிலேயே இருந்தன.