வெர்னா போட்ட ஐந்து

வெர்னா ஹாக்லண்ட் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அது பிழைப்புக்கு, உயிர் மட்டும் சிற்றலை வானொலியில் இருந்தது. வாஷிங்டன் கடற்கரையில், அவள் வீட்டு வேலி நெடுக ஏரியலாகச் செம்புக் கம்பி ஓடும். விடிகிற அரைமணி நேரம்தான் பசிபிக் தீவுகள் காதில் விழும். கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள்.

கேட்டதை எழுதி அனுப்பினால், ‘ஆம், அது நாங்கள்தான்’ என்று நிலையத்திலிருந்து அட்டை வரும். குரலின் தெளிவுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் போட வேண்டும்; ஐந்து என்றால் பக்கத்தில் நின்று பேசுவதுபோல. சந்தேகம் வந்தால், உடன் இருந்து கேட்டவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கேட்காததை எழுதுகிறவனுக்கு எங்கள் வானொலி நேயர் சங்கத்தில் காபிகூடக் கிடையாது. செயலாளரான என்னையே வெர்னா விட்டதில்லை.

“இது நாலா? உனக்கு இருக்கறது காதா, புனலா, ட்வைட்?”

மோட்டுவாரு தீவின் அட்டை மட்டும் அவளிடம் இல்லை. ஒரு பிப்ரவரி விடியலில் அந்த நிலையம் கிடைத்தது. ஒருவர் குடும்பச் செய்திகள் வாசித்தார். கடைசியாக, “மெரே, கோழிகளை இன்னும் திறந்துவிடாதே” என்றார். வெர்னா அதையும் எழுதி அனுப்பினாள்.

பதில் அந்த மெரேயிடமிருந்து வந்தது. ‘நீங்கள் குறித்த தேதிக்கு ஒன்பது நாள் முன்பே புயல் எங்கள் நிலையத்தைக் கடலுக்குள் கொண்டுபோய்விட்டது. என் கணவர் தெய்னா உள்ளேதான் இருந்தார். கோழிகளைப் பற்றி அன்று காலை வாசலில் என்னிடம் சொன்னார். வேறு யாருக்கும் தெரியாது. மறுபடி கேட்டால், தெளிவாக இருக்கிறாரா என்று மட்டும் எழுதுங்கள்.’

நான் சிரித்தேன். “உலக நேரத்துக்கு மாத்தறப்ப தேதியைக் கோட்டை விட்டிருப்பே.”

“ஒரு நாள் தப்பலாம். ஒன்பது நாளா? பேசாம வந்து கேளு.”

மறுநாள் போனேன். கேட்டேன். வெர்னா சொன்ன அதே குரல், அதே கோழிகள். வெர்னா நிதானமாக ‘மூன்று’ என்று எழுதினாள். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

வாரம் ஒரு கடிதம் போனது. மூன்று, பிறகு இரண்டு. மெரே எழுதினாள்: ‘எண் குறைந்தால் அவருக்கு என்னவோ ஏதோ என்று எனக்குத் தூக்கம் வருவதில்லை.’ வெர்னா அதைப் படித்துவிட்டு, அடுத்ததில் ‘ஒன்று’ என்றே எழுதினாள். அவளுக்குப் பொய் எழுத வராது.

மே மாதம் ஒரு காலை வெறும் இரைச்சல்தான். வானொலி முள்ளை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். ஒரு மூச்சுகூட இல்லை. வெளியே பேருந்து இன்ஜின் ஓடியபடி நின்றது.

வெர்னா தாளை இழுத்து ‘ஐந்து’ என்று எழுதினாள்.

“வெர்னா...”

“வாயைத் திறக்காதே, ட்வைட். பசங்க ரோட்டுல நிப்பாங்க.” கண்ணைத் துடைக்காமலே போய்விட்டாள்.

அவள் போன பிறகும் பெட்டி இரைந்துகொண்டே இருந்தது. சாட்சி என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.