காற்று மூடியில் குளவிக்கூடு

‘அரசு வாகனத்தின் எந்தப் பாகத்தையும், மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல், யாரும் கழற்றவோ மாற்றவோ பழுதுபார்க்கவோ கூடாது.’ இது விதி. இதற்குக் கீழே, சிறிய எழுத்தில், ஒரு துணை விதியும் உண்டு: ‘சில்லறைப் பழுதுகளை அலுவலகத் தலைவரே தம் பொறுப்பில் சரிசெய்துகொள்ளலாம்.’ எங்கள் வண்டிக்குப் பொருந்தியிருக்க வேண்டியது இந்தத் துணை விதிதான். எது சில்லறைப் பழுது என்று அதை எழுதியவர் எங்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஒரு வருடம் வெந்திருக்க மாட்டேன்.

ஐம்பதுகளின் கடைசியில், திண்டுக்கல்லில் விதையும் உரமும் வழங்கும் ஓர் அலுவலகத்தில் நான் தலைமை எழுத்தராக இருந்தேன். அலுவலகத்துக்கு ஒரு பழைய பிக்கப் வண்டி. யுத்த காலத்தில் யாருக்கோ உழைத்து ஓய்ந்த பிறகு எங்களிடம் வந்தது. ஆத்தூர், எரியோடு, சிறுமலை என்று சரக்கு போகும் இடமெல்லாம் இருப்பைச் சரிபார்க்க நானும் போயாக வேண்டும். டிரைவருக்கு இடப்பக்கம் என் இடம். அந்தப் பக்கத்துக் கண்ணாடி இறங்காது. கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. டிரைவர் இறங்கிச் சுற்றி வந்து திறந்துவிட வேண்டும். எஞ்சின் சூடு கால்பலகை வழியாக முழங்கால் வரை ஏறும். வண்டியைச் செய்தவன் இதற்கெல்லாம் ஒரு பரிகாரம் வைத்திருந்தான்: முன் கண்ணாடிக்கு வெளியே, பானெட்டை ஒட்டி ஒரு காற்று மூடி. உள்ளே இருக்கும் கம்பியைத் தள்ளினால் மூடி தூக்கிக்கொள்ளும். வண்டி ஓட ஓட, காற்று நெஞ்சுக்கு நேரே வரும்.

அந்த மாசியில் மூடி திறக்க மறுத்தது. கம்பியைத் தள்ளினேன், இழுத்தேன், எண்ணெய் விட்டேன். கம்பி வளைந்ததே தவிர மூடி அசையவில்லை.

“துருப் பிடிச்சிருக்கும் சார்” என்றார் டிரைவர். எரியோட்டுப் பக்கத்துக்காரர், முப்பது வயது, தேவையில்லாமல் பேசாதவர்.

அலுவலகத் தலைவரான ஆபீசரிடம் சொன்னேன். தணிக்கைக்காரர்கள் கனவில் வருகிற மனிதர் அவர். “எதுக்கும் மேல எழுதிக் கேட்டிருங்க. நாளைக்கு ஆடிட்ல கேட்டா யாரு பதில் சொல்றது?” என்றார். மதுரையில் இருந்த வாகனப் பிரிவுக்கு எழுதினேன். பதில் வரவில்லை. பங்குனி வந்தது. சித்திரையும் வந்தது. எரியோட்டிலிருந்து திரும்பும் மத்தியானங்களில், தண்ணீர் வற்றிய பானையில் வைத்த கிழங்காக அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புளியமரங்கள் நிழலோடு ஓடும். இந்தப் பக்கம் வேர்வை வழியும்.

ஒருநாள் டயர் பஞ்சராகி, பேகம்பூரில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் பட்டறையில் நின்றோம். பழுதுபார்க்கத்தான் தடை, பார்க்கத் தடையில்லை என்ற துணிவில், மூடியை ஒரு பார்வை பார்க்கச் சொன்னேன். அவர் மல்லாந்து படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு டார்ச் அடித்தார்.

“அட, துருவும் இல்ல ஒண்ணும் இல்ல. குளவி வீடு கட்டியிருக்கு சார். வீடா அது? தெருவே கட்டியிருக்கு! கீல் மேலயே மண்ண அப்பி வச்சிருந்தா மூடி எப்புடித் தொறக்கும்? ஸ்குரு டிரைவரால ஒரே குத்து, முடிஞ்சுபோச்சு.”

டிரைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடி வந்தார். “பாய், கைய எடு.”

“ஏன்யா? ஒன் மச்சான் வீடா?”

“எம்பொண்டாட்டி முழுகாம இருக்கா பாய்.”

மெக்கானிக் படுத்தபடியே சிரித்தார். “குளவி கூடு கட்டுனா அந்த வீட்டுல புள்ளன்னு எங்கம்மாவும் சொல்லும். இது சர்க்கார் வண்டியாச்சே! கலெக்டருக்குல்ல பொறக்கணும்?”

டிரைவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். “துருன்னு பொய் சொன்னேன் சார். குளவி போயி வாரத மொதல்லயே பாத்தேன். இதுக்கு முந்தி ரெண்டு தங்காமப் போச்சு. இது அஞ்சாம் மாசம். அவ முழுகாம இருக்கான்னு தெரிஞ்சப்பதான் இதுவும் கட்ட ஆரம்பிச்சுச்சு. வீட்டுல இருக்குறதவிட இந்த வண்டியிலதான நான் அம்புட்டு நேரமும் கெடக்கேன்? கூட்ட ஒடச்சு, ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா…”

குளவிக்கும் கருவுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். உடைக்கச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால், சம்பந்தமில்லை என்று யாரிடம் போய் நிரூபிப்பது? “டயர மாட்டுங்க, போவோம்” என்றேன்.

அன்றிலிருந்து என் கவலை தலைகீழாயிற்று. பதில் வரவில்லையே என்று இருந்தவன், வந்துவிடுமோ என்று தபால்காரரைப் பார்த்துப் பயந்தேன். வைகாசியில் மதுரையிலிருந்து ஒரு கேள்வி மட்டும் வந்தது: அடைப்பின் தன்மை என்ன? ‘அடைப்பு உயிருள்ளது’ என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். உண்மைதான். ஆனால் உயிருள்ள எதைப் பற்றியும் முடிவு செய்ய வாகனப் பிரிவுக்கு அதிகாரம் கிடையாது. நான் எதிர்பார்த்தபடியே கோப்பு சென்னைக்குப் போயிற்று.

ஆனியில் ஆபீசர் சிறுமலைக்குக் கிளம்பினார். கதவோரம் அவர், நடுவில் கியருக்கும் அவருக்கும் இடையில் நான். பாதி மலையில் ஒரு வளைவில் வாழைத்தார் லாரி அச்சு முறிந்து நின்றது. பின்னால் வந்த பஸ் எங்களை ஒட்டி நின்றது. முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது. ஆபீசரின் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது.

“இந்த மூடிய ஒடைங்கய்யா! டிரைவர், எறங்கி ஒரு கல்ல எடு.”

டிரைவர் இறங்கவில்லை. எஞ்சின் நின்றிருந்த போதும் ஸ்டியரிங்கை விடவில்லை.

“சார், கோப்பு சென்னைல இருக்கு. நிலுவைல இருக்கும்போது கை வச்சா, வைக்கச் சொன்னவரோட சொந்தப் பொறுப்பு” என்றேன்.

“சொந்தப் பொறுப்பா?”

“சம்பளத்துல பிடிப்பாங்க சார்.”

அவர் கைக்குட்டையைப் பிழிந்தார். “துணை விதி கிணை விதி ஒண்ணும் இல்லையா?”

“ஞாபகம் இல்ல சார்.”

என் பணிக்காலத்தில் எனக்கு ஞாபகம் வராமல் போன ஒரே விதி அது. ஆபீசர் கதவைத் தள்ளிப் பார்த்தார். திறக்கவில்லை. “தொற, டிரைவர்” என்று கெஞ்சினார். டிரைவர் இறங்கி, வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வந்து கதவைத் திறந்தார். வரும் வழியில் அந்த மூடியின் மேல் ஒரு கையை வைத்துவிட்டு வந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

ஆவணியில் குழந்தை பிறந்தது. கல்கண்டுப் பொட்டலம் ஒரு கையிலும் ஸ்குரு டிரைவர் மறு கையிலுமாக அவர் வந்து நின்றார்.

“பொட்டப்புள்ள சார். அவளும் நல்லாருக்கா. அது கத்துற கத்து தெருமுக்கு வரைக்கும் கேக்குது.” வாயெல்லாம் பல். “குளவியும் போயிருச்சு, வெறுங்கூடுதான். ஒங்களப் போட்டு இம்புட்டு நாளா வேக வச்சுப்புட்டேன். இப்பவே இடிச்சிரவா?”

“செத்த நேரம் பொறுங்க” என்று சொல்லிவிட்டு, விதிப் புத்தகத்தோடு ஆபீசரின் அறைக்குப் போனேன். துணை விதியை நிறுத்தி வாசித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“அன்னைக்கு நான் மலையில வெந்தப்ப இது எங்கய்யா போயிருந்துச்சு?”

புத்தகத்தை மூடினேன்.

“சென்னைலேருந்து பதில் வரட்டும். அதுவரைக்கும் கை வச்சா சொந்தப் பொறுப்பு. நீங்கதான சொன்னீங்க?”

அதற்குப் பிறகு அவர் வெளியூருக்கெல்லாம் பஸ்ஸில் போனார். சனிக்கிழமைதோறும் வண்டிக்குள் டார்ச் அடித்து, கூடு குலையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டார். குடியிருக்க ஒரு பூச்சியும் இல்லாத அந்த மண் வீட்டுக்கு என்னைக் காவல் வைத்த மாதிரி இருந்தது. நினைவூட்டல் எழுதினேன். அதற்கொரு நினைவூட்டல் எழுதினேன். ஐப்பசி மழையில் மூடிய கண்ணாடிக்குள் மூச்சு முட்டியது. தை வெயிலில் மறுபடி வேகத் தொடங்கினேன். டிரைவர் வழியெல்லாம் மகள் குப்புற விழுந்ததையும் தவழ்ந்ததையும் சொல்லிக்கொண்டு வந்தார். இறங்கி ஓட வழியில்லாததால் எல்லாவற்றையும் கேட்டேன். கேட்கப் பிடித்தும் இருந்தது.

கடைசியில், மறு மாசியில், சென்னையிலிருந்து பதில் வந்தது. அடைப்பை நீக்க அனுமதி வழங்கியிருந்தார்கள். இது சில்லறைப் பழுது ஆகையால் இங்கே எழுதிக் கேட்டிருக்கவே வேண்டியதில்லை என்றும் ஒரு வரி. ஸ்குரு டிரைவரைத் தேடினேன். அது வண்டிச் சாவியோடு டிரைவரின் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி பூட்டியிருந்தது. அவர் மகளுக்கு முடி இறக்கப் பழனிக்குப் போயிருந்தார். விடுப்புக்குப் பரிந்துரை எழுதியவனே நான்தான். கடிதத்தின் தலையில் வரவு முத்திரையைக் குத்தி, உள்ளே தேதி எழுதினேன்: பிப்ரவரி இருபத்தாறு.