சாவியோடு போனவர்

திருவொற்றியூரில் ஒரு சிறிய டயாலிசிஸ் சென்டரில் நான் நர்ஸ். அன்று காலையிலிருந்து மழை விடவில்லை. நான்கு கட்டிலிலும் நோயாளிகள். டியூட்டியில் நானும், புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண்ணும். சிகிச்சை பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது.

கரண்ட் போவது எங்களுக்குப் புதிதல்ல. ஜெனரேட்டரைப் போடக் கீழே ஒரு அண்ணன் இருந்தார், வாட்ச்மேனும் அவரேதான். அவர் போடும்வரை மெஷினுக்குள் இருக்கும் பேட்டரி தாங்கும். ஆனால் இரண்டு மெஷின்களில் பேட்டரி செத்து வெகுநாளாகியிருந்தது. மாற்றித் தரச் சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அந்த இரண்டிலும் பம்ப் நின்றுவிட்டது.

பம்ப் நின்றால் குழாய்க்குள் வந்த ரத்தம் உடம்புக்குத் திரும்பாது. அப்படியே உறைந்துவிடும். ஏற்கெனவே ரத்தம் குறைந்தவர்கள், ஒரு டம்ளர் போனாலும் தாங்கமாட்டார்கள். பம்பைக் கையால் சுற்றி ரத்தத்தை உள்ளே அனுப்ப வேண்டும். ஒன்றை நான் பிடித்துக்கொண்டேன், மற்றதை அந்தப் பெண்.

என் கட்டிலில் இருந்தவரின் மனைவி காத்திவாக்கத்தில் மீன் விற்பவர். "அக்கா, கீழ ஓடிப் போய் ஜெனரேட்டர் அண்ணன வரச் சொல்லுங்க" என்றேன். ஓடினார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"ஆளே இல்ல சிஸ்டரு. ரூமு பூட்டிக் கீது. போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறாரு."

அதற்குள் மீதி இரண்டு மெஷின்களும் அலறத் தொடங்கின. அவற்றின் பேட்டரியும் பழசு. சின்னப் பெண்ணின் நோயாளி வாந்தி எடுத்தார். அவரை விட்டு அவளால் நகர முடியவில்லை. நான் மீன்காரக்காவின் கையைப் பிடித்துக் கைப்பிடியின் மேல் வைத்தேன். "இந்தப் பக்கமா, இதே வேகத்துல. நிறுத்தாதீங்க. குழாய்ல காத்துக் குமிழி தெரிஞ்சா கத்துங்க." அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு சுற்றினார்.

மூன்றாவது கட்டிலில் ரத்தத்தை உள்ளே அனுப்பி முடித்துவிட்டுத் திரும்பினேன். நான்காவது கட்டிலில் துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்த ஒரு பெரியவர். நான் போனபோது குழாய்க்குள் ரத்தம் கறுத்து நின்றிருந்தது. கைப்பிடி அசையவே இல்லை. உறைந்ததை உள்ளே அனுப்ப முடியாது. குழாயை மூடி, ஊசியை எடுத்தேன். பெரியவர் என்னைப் பார்த்து, "முட்ஞ்சிச்சாம்மா?" என்று கேட்டார். பிறகு கண் செருகியது. காலைத் தூக்கி வைத்து, சலைன் ஏற்றி, ஆம்புலன்சில் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். மற்ற மூவரின் ரத்தமும் உடம்புக்குத் திரும்பிவிட்டது.

ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகுதான் ஜெனரேட்டர் அண்ணன் வந்தார். காக்கிச் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. எண்ணூர்ப் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டப் போயிருக்கிறார். தினமும் டியூட்டி நேரத்தில் இரண்டு நடை போவாராம். எங்களுக்குத் தெரியாது. மீன்காரக்கா அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"எங்கய்யா போய்க்கினு இருந்த? அந்தப் பெருச சாவடிக்கப் பாத்தியே!"

"இந்த சென்டர்ல குடுக்கற சம்பளத்துல அரிசி வாங்க முடியுமா? நீ சொல்லு."

"எனக்கு இங்க இன்னா சம்பளம் குடுத்தாங்க? நான் சுத்துனேன்ல?"

"உன் புருசன் இங்க படுத்துகினு இருந்தாரு, நீ சுத்துன. என் புள்ளைங்க வூட்ல பசியோட கீதுங்க, நான் ஓட்டுனேன்."

அக்காவின் கை தளர்ந்தது. எனக்குள் இருந்த கோபமும் பாதியில் நின்றது. என் சம்பளம் மட்டும் என்ன வாழ்ந்தது? கொருக்குப்பேட்டையில் ஒண்டுக் குடித்தனம். லீவு நாளில் வீடு வீடாகப் போய் ஊசி போடுகிறேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆனாலும் கறுத்துப்போன அந்தக் குழாய் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"அண்ணே, போங்க, வேணாங்கல. போறேன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு, சாவியக் குடுத்துட்டுப் போயிருக்கலாம்ல? நீங்க கீழ இருக்கீங்கன்னு நம்பித்தானே நாங்க ஊசி குத்தறோம்?"

அவர் ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டுக் கடமை, சேவை என்று நிறையப் பேசினார். அண்ணனை அன்றே வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. "அவர் செஞ்சது தப்புதான் சார்" என்றேன். "ஆனா பேட்டரிய மாத்தியிருந்தா அந்தப் பெரியவருக்கு இப்படி ஆகியிருக்காது. அது யாரோட கடமை?" சின்னப் பெண் என் முழங்கையைக் கிள்ளினாள். மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அந்த வாரமே பேட்டரி வந்தது. சம்பளம் ஏறவில்லை. கீழே புது ஆள், அதே சம்பளம். சாவி இப்போது எங்கள் அறை ஆணியில் தொங்குகிறது.

பெரியவருக்கு ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து, டோல்கேட் அருகே ஒரு ஷேர் ஆட்டோ என் பக்கத்தில் வந்து நின்றது. அந்த அண்ணன். பின்னால் ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தப் பெருசு எப்டி கீறாரு?"

"வந்துகிட்டுதான் இருக்காரு. நல்லா இருக்காரு."

"இன்னா நைனா, கெளம்பு" என்று பின்னாலிருந்து ஒருவர் அதட்டினார். அண்ணன் நகரவில்லை. "என்னியப் பத்தி எதுனா கேட்டாரா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். ரோட்டைப் பார்த்துக் கியரைப் போட்டார்.