முத்தாயி அக்கா தடவிப் பார்த்த ரப்பர் மரங்கள்

முத்தாயி அக்கா காலமான செய்தி ஒரு கண்ணாடிப் போத்தலோடு வந்தது. ஓப்பநாயக்கவிலிருந்து ரயிலில் கொழும்பு வந்த பெட்டிக்குள், மருந்துநீரில் அவருடைய இரு கண்களும் இருந்தன. தோட்டத்து டொக்டரின் சீட்டைப் பிறகுதான் படித்தேன். நான் வேலை செய்யும் பரிசோதனைச்சாலையில் எல்லோரும் இருந்ததால் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

காலடிச் சத்தத்தைக் கேட்டே ஆளைச் சொல்லிக் கேலி செய்பவராகத் தோட்டத்து ஆட்களான உங்களுக்கு அவரைத் தெரியும். குடும்பத்தில் தொடரும் பார்வையிழப்பைப் பற்றிக் குறிப்பெடுக்கப் போன இடத்தில் நான் அவரைச் சந்தித்தேன். கண்ணின் உள்திரையில் ஒளியை வாங்கும் நுண்ணிய உயிரணுக்கள் அழியும் நோய் அது. மங்கல் வெளிச்சத்தில் தடுமாற்றமாகத் தொடங்கும். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்றாலும் எனக்குக் குரல் எழும்பாது. எந்த வயதில் தொடங்கியது என்று கேட்டேன்.

"சத்தமா கேளு தங்கச்சி. கண்ணோட காதும் போயிருச்சோன்னு பயமா இருக்கு!" என்று சிரித்தார். "வயச யாரு எழுதி வச்சா? வா, மரத்தக் கேப்போம்."

அவர் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுக்காரியாக இருந்தவர். வெட்டு மேலே தொடங்கி வருடத்துக்கு வருடம் கீழே இறங்கிக்கொண்டு வரும். விடியும்முன் வெட்டும்போது கண் தெரியாவிட்டால் கத்தி ஆழமாக இறங்கும். காயம் ஆறிய இடம் புடைத்துவிடும். தம் பழைய மரத்தை மேலிருந்து கீழே தடவினார். மேலே வழுவழுப்பு, பாதியில் புடைப்புகள். "இங்கருந்துதான். லெச்சுமி வயித்துல இருந்தா. தூங்கி வழியிறியான்னு கங்காணி ஏசுனாரு."

பிறகு மெதுவாகச் சொன்னார்: "மக வெட்டுற மரமும் பக்கத்துலதான். அவளுக்கும் வந்திருக்குமோன்னு தொடவே பயந்துக்கிட்டு இருக்கேன்."

தொட்டார். ஒரு மரம், இன்னொரு மரம், வரிசை முழுவதும். லெச்சுமி வாளியோடு வந்து நின்றாள்.

"ஏம்மா, கங்காணி மாதிரி கொற தேடுறியா?"

"தேடித்தான் வந்தேன். ஒண்ணுகூட இல்லடி!"

அக்காவுக்குத் தடுமாற்றம் தொடங்கிய வயதை லெச்சுமி தாண்டி மூன்று வருடமாகியிருந்தது. நோய் வரவே வராது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் மூவரும் சிரித்தோம்.

திரும்பும் வழியில் அக்கா, "நான் செத்தா இந்தக் கண்ண எடுத்துக்கங்க. எனக்குக் காட்டாதத உங்களுக்காவது காட்டட்டும்" என்றார்.

காட்டியது. உள்திரையின் ஓரமெல்லாம் அந்த உயிரணுக்கள் அழிந்திருந்தன. நடுவில் மட்டும் சில இன்னும் நின்றிருந்தன. எல்லாம் ஒரேயடியாகப் போவதில்லை. மிஞ்சுவதைக் காக்க வழி தேடலாம்.

சென்ற வாரம் வைத்தியர்கள் கூட்டத்தில் இதையெல்லாம் எழுதிய குறிப்பை நானே வாசித்தேன். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தேன், அக்கா.