மீதி டீ

மெட்ராஸில் ஓர் அச்சகத்தில் இரண்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு மானாம்பதிக்குத் திரும்பி வந்தவன், சும்மா இருந்திருக்கலாம். நாடகம் எழுதினேன். எழுபதுகளின் கடைசி அது. விடாத மழையில், கொத்தவால்சாவடி மார்க்கெட்டில் சாத்திய கடை ஒன்றின் படியில் முன்பின் தெரியாத இருவர் ஒதுங்குகிறார்கள். ஒருவன் மூட்டை தூக்குகிறவன், இன்னொருவன் வேலை தேடி வந்தவன். சைக்கிள் டீக்காரனிடம் மிஞ்சியது ஒரே கிளாஸ். மூட்டைக்காரன் பாதி குடித்துவிட்டு மீதியை நீட்டுகிறான், மற்றவன் வாங்கிக் குடிக்கிறான். யார், எந்த ஊர் என்று கடைசிவரை கேட்டுக்கொள்வதில்லை. அவ்வளவுதான் நாடகம்.

வேலை தேடி வந்தவனாக நானே நடித்தேன். மூட்டைக்காரனுக்குக் காலனியிலிருந்து ஒருவரைப் பிடித்தேன். எங்கள் நிலத்துக்குக் கூலிக்கு வருகிறவர். நடுவில் சில வருஷம் கொத்தவால்சாவடியிலேயே மூட்டை தூக்கியவர். என்னைவிட எட்டு வயது மூத்தவரை நான் வா, போ என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை நைனா என்பார்; காலனிக்காரர்கள் எங்கள் வீட்டு ஆண்களை, சின்னப் பையனானாலும், அப்படித்தான் கூப்பிட வேண்டும். எங்கள் ஊர் டீக்கடையில் அவருக்குத் தனி கிளாஸ், கூரையோரம் கவிழ்த்து வைத்திருக்கும். இதையெல்லாம் உடைக்கத்தான் இந்த நாடகம் என்று எனக்கு நினைப்பு.

உத்திரமேரூரில் தெரிந்தவர் ஒருவரின் வேர்க்கடலைக் கிடங்கில் ஒத்திகை. மூட்டைக்காரனுக்கு ‘சற்றுத் தள்ளி அமர்கிறீர்களா?’ என்று நான் எழுதியிருந்த வசனத்தைக் கேட்டு, அதைப் பேச வேண்டியவர் சிரித்துவிட்டார்.

“அங்க எவனும் அப்டி கேக்க மாட்டான் நைனா. தள்ளிக் குந்துபான்னுவான்.”

“அப்படியே சொல்லு.”

சொல்ல வரவில்லை. “தள்ளிக் குந்து நைனா” என்றே வந்தது. நான் எரிந்து விழுந்தேன். இது மெட்ராஸ், நான் யாரோ ஒருத்தன், ‘பா’ போடு என்று திரும்பத் திரும்பச் சொல்லி, ஒரு வாரம் கழித்துத்தான் அவர் வாயில் அந்த ‘பா’ உட்கார்ந்தது. வந்ததும் ஆள் நடையே மாறிவிட்டது. அன்றைக்கே காலி கிளாஸை விட்டுவிட்டு நிஜ டீ வாங்கிவரச் செய்தேன். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன கிளாஸில் அவர் பாதி குடித்தார், மீதியை நான் குடித்தேன். கிடங்குக் கதவு சாத்தியிருந்தது.

நாடகத்துக்கு முந்தின நாள் கேட்டார்.

“நாளிக்கும் குடிப்பீங்க இல்ல நைனா? எங்க வூட்டுக்காரிக்கிட்ட சொல்லிக்கீறேன். புள்ளைங்கள இட்டுக்கினு பாக்க வர்றா.”

“பின்னே? நாடகமே அதுதானேடா” என்றேன், பெரிய மனுஷனாட்டம்.

மறுநாள் சாயங்காலம் கிடங்கு நிறைந்துவிட்டது. முன்வரிசை நாற்காலியில் என் அப்பா, பக்கத்தில் பெரியப்பா. அவர்கள் வருவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. வாசலோரம் என்னோடு நடித்தவரின் மனைவி, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாகப் பிள்ளைகள். “தள்ளிக் குந்துபா” என்று அவர் என்னிடம் சொன்னதும் வாசல் பக்கமிருந்து ஒரு விசில் வந்தது. பெரியப்பா திரும்பி அப்பாவைப் பார்த்தார்.

டீ வந்தது. பாதி குடித்துவிட்டு நீட்டினார். வாங்கினேன். ஆவி முகத்தில் பட்டது. அப்பாவின் கண் கிளாஸ் மேலேயே இருந்தது. உதட்டுக்கு ஒரு விரற்கடைவரை கொண்டுபோய், தலையைச் சாய்த்து, குடிக்கிற மாதிரி காட்டிவிட்டுக் கீழே வைத்தேன். வைத்த வேகத்தில் கொஞ்சம் படியில் சிந்தியது. பின்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. அப்பாவுக்குத் தெரிந்தது, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். வாசலில் நின்றவளுக்கும் தெரிந்தது.

குடித்திருந்தால் தலையா போயிருக்கும்? இரண்டு நாள் வீட்டில் கத்தியிருப்பார்கள், அப்புறம் சோறு போட்டிருப்பார்கள். அவருக்கு நான் கொடுத்த வாக்கு அந்த இரண்டு வாய் டீதான். அதை விழுங்க எனக்குத் துப்பில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

அவர் குனிந்து கிளாஸைப் பார்த்தார். மழை விட்டதாக வைத்து மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். ‘வரேன்பா’ என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், அதுதான் கடைசி வசனம்.

“வரேன் நைனா” என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். அப்பாவும் தட்டினார்.