வேறு யாரிடமும் போவதில்லை

எங்கள் டொக்டர் அவுஸ்திரேலியாவிலுள்ள பிள்ளைகளிடம் போய்விட்டார் என்று அறிந்தபோது எனக்கு முதலில் வந்தது கவலை அல்ல, கோபம். இருபத்தெட்டு வருடமாக எங்கள் வீட்டுக் காய்ச்சல், தடிமன், என் முழங்கால், என் கணவரின் சீனி வருத்தம் எல்லாவற்றையும் கொப்பி பார்க்காமலே சொல்லக்கூடியவர் அவர். டிஸ்பென்சரிக் கதவில் ஒரு கடதாசியை ஒட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டார். எழுபத்தைந்து வயது மனிதர் பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆசைப்பட்டதில் பிழை இல்லைத்தான். ஆனாலும் கோபம்தான்.

மருதனார்மடத்தைச் சுற்றி டொக்டர்மாருக்குப் பஞ்சமில்லை. சந்தியில் நின்று கல்லெறிந்தால் யாரோ ஒருவரின் பெயர்ப்பலகையில் படும். எங்களுக்கு வேண்டியது எங்களைத் தெரிந்த ஒருவர். அப்படி ஒருவரைத் தேடப் போய்த்தான் மூன்று பேரிடம் மாட்டினோம்.

முதலில் கணவரின் நீரிழிவுக்கு அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் பதிந்தோம். மாதத்தில் ஒருநாள் விடியவே போய் வாங்குப் பலகையில் இருந்தால், மத்தியானத்துக்குள் கொப்பியில் இரண்டு வரி எழுதி மருந்து தருவார்கள். ஒவ்வொரு மாதமும் வேறு முகம். "முகம் தெரியாத ஆளிட்டை என்னத்தைக் கதைக்கிறது?" என்று இவர் முறைப்பட்டார். ஆகவே, பின்னேரங்களில் வீட்டில் வைத்து நோயாளரைப் பார்க்கும் ஒரு டொக்டரிடம் போனோம். எங்கள் தேவாலயச் சபைக்காரர், என் மச்சாளுக்குத் தூரத்து உறவு, ஆறுதலாகக் கதைப்பார். குளிசைகளைச் சின்னக் கடதாசிப் பையில் போட்டு, மேலே 'காலை 1' என்று மட்டும் எழுதித் தருவார். குளிசையின் பெயரை அவரும் எழுதுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. மூன்றாமவர் கனடாவில் இருக்கும் மகளின் ஏற்பாடு. "உந்தச் சின்ன இடங்களை விட்டிட்டு ஒரு பெரிய டொக்டரைக் காட்டுங்கோ அம்மா" என்று அங்கிருந்தபடியே யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நேரம் பதிந்துவிட்டாள். மூன்று மணித்தியாலம் காத்திருந்து நாலு நிமிடம் காட்டினோம்.

ஒருவரை விட்டுவிட்டு மற்றவரிடம் போயிருந்தால் ஒன்றும் நடந்திராது. நாங்கள் ஒருவரையும் விடவில்லை. கிளினிக்குக்குப் போகாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். சபைக்காரரை விட்டால் ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தில் எப்படி விழிப்பது? பெரிய டொக்டரை விட்டால் மகள் ஃபோனில் அழுவாள்.

எங்கள் பக்கத்தில் எழுதாத மரியாதை ஒன்று உண்டு. ஒரு டொக்டருக்கு முன்னால் இன்னொரு டொக்டரைப் பற்றி மூச்சு விடக்கூடாது. உங்களில் நம்பிக்கை இல்லை என்று முகத்தில் அடித்துச் சொல்வது போலாகிவிடுமாம். நான் இதில் கெட்டிக்காரி. ஒருவரிடம் போகும்போது மற்ற இருவரின் மருந்துத் துண்டுகளும் என் கைப்பையில் இராது. "வேறை ஆரிட்டையும் மருந்து எடுக்கிறியளோ?" என்று கேட்டால் இவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். "இல்லை டொக்டர், உங்களிட்டை மட்டுந்தான்" என்று நான் முந்திக்கொள்வேன். இதை மூன்று பேரிடமும் சொன்னேன். முப்பது வருடம் ஆசிரியையாக இருந்து, பொய் சொன்ன பிள்ளைகளை வாங்கில் ஏற்றி நிறுத்தியவள் நான்.

குளிசை கொடுப்பதும் என் பொறுப்புத்தான். மூன்று பிஸ்கட் பேணிகள் வைத்திருந்தேன், டொக்டருக்கு ஒன்றாக. மூன்றாவது பேணி வந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. அதற்கு முன்னரே பத்து மணியளவில் இவருக்குச் சில நாட்களில் கை நடுங்கும், வேர்க்கும். "வெயிலுக்கை திரிஞ்சா வேர்க்காமல் என்ன செய்யும்?" என்று ஏசுவேன். ஒரு வேளைகூடக் குளிசை தவறியதில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

அன்று காலை சந்தையில் இவர் முருங்கைக்காய்க்காரியுடன் பேரம் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று பேச்சு நின்றது. "என்னப்பா?" என்று தோளைத் தொட்டேன். திரும்பி என்னைப் பார்த்து மிகவும் மரியாதையாக, "நீங்கள் ஆர்?" என்று கேட்டார்.

நாற்பது வருடமாக என்னை 'நீர்' என்று கூப்பிட்ட மனிதர். நெற்றியிலிருந்து வேர்வை ஒழுக, ஷேர்ட் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. முழங்கால் மடிந்து விழப்போனவரை முருங்கைக்காய்க்காரிதான் தாங்கிப் பிடித்தாள். பாரிசவாதம் என்றே நினைத்தேன்.

சந்தைக்கு எதிரே புதிதாக ஒரு டிஸ்பென்சரி இருந்தது. அங்கே ஒரு பெண் டொக்டர். "உது சின்னப் பிள்ளை, போன வருசந்தான் படிச்சு முடிச்சிருக்கும்" என்று சொல்லி நாங்கள் பலமுறை கடந்து போன இடம். அங்கேதான் இவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவள் இவரின் விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தாள். உடனே குளுக்கோசை எடுத்து நரம்பில் ஏற்றினாள். ஐந்து நிமிடத்தில் இவர் கண்ணைத் திறந்து, "இஞ்சாரும், முருங்கைக்காய் எங்கை?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"சீனி நல்லாக் குறைஞ்சு போச்சு, அன்ரி. என்ன குளிசை எடுக்கிறவர்?"

"கிளினிக் குளிசை."

"வேறை ஆரிட்டையும் எடுக்கிறவரோ?"

வாங்கில் எங்கள் சபை அம்மா ஒருவர் காது கொடுத்துக்கொண்டிருந்தார். இன்று பின்னேரமே செய்தி சபைக்கார டொக்டரிடம் போய்விடும்.

"இல்லை" என்றேன்.

அவள் நெற்றியைச் சுருக்கினாள். "கிளினிக்கிலை தாறது சின்ன அளவு. அதுக்கு இப்பிடி விழக்கூடாது. கொஞ்ச நேரம் இருங்கோ, பாப்பம்." இவருக்குத் தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். நான் வீட்டுக்குப் போக அவசரப்பட்டேன். மரக்கறி வாடுகிறது என்றுகூடச் சொன்னேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

அரை மணித்தியாலம் போயிருக்காது. பிஸ்கட் கையிலிருந்து நழுவியது. மறுபடி அதே வேர்வை. கண்கள் மேலே செருகின. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. அவள் இரண்டாவது ஊசியை ஏற்றிக்கொண்டே அம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிக் கத்தினாள். இழுப்பு நின்றது, ஆனால் இவர் கண் திறக்கவில்லை. அவள் எனக்கு முன்னால் வந்து குந்தினாள்.

"அன்ரி, உங்களைக் குற்றஞ் சொல்லக் கேக்கேல்லை. ஏதோ ஒரு மருந்து உள்ளுக்கை நிண்டு வேலை செய்யுது. அது என்னெண்டு எனக்குத் தெரிய வேணும். தெரியாட்டி இவர் தப்பமாட்டார்."

எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "மூண்டு பேரிட்டை எடுக்கிறம், பிள்ளை. ஒராளுக்கும் மற்றாளைத் தெரியாது. நான்தான் ஒளிச்சனான்."

சபை அம்மா வாயில் கை வைத்ததைக் கண்டேன். எனக்கு அது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

வீடு பக்கத்தில்தான். ஓட்டோவில் போய்ப் பேணிகளை அள்ளிக்கொண்டு வந்தேன். அவள் மேசையில் கொட்டி விரலால் ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். ஒன்று வெள்ளை வட்டம், ஒன்று நீட்டு, ஒன்று பளபளக்கும் அட்டையில். "இது, இது, இது. மூண்டும் சீனியைக் குறைக்கிற ஒரே மருந்துதான், அன்ரி. கொம்பனிதான் வேறை. ஆர் எடுத்துக் குடுக்கிறது?"

"நான்."

அவள் தலையைக் குனிந்து கடிதம் எழுதத் தொடங்கினாள். அம்புலன்ஸில் நான் அதை வாசித்தேன். மூன்று குளிசைகளினதும் பெயர், அளவு, பிறகு ஆங்கிலத்தில் ஒரு வரி: மருந்துகளை மனைவி கொடுக்கிறார். என்னைக் குறை சொல்லும் ஒரு சொல்லும் அதில் இல்லை. அந்த ஒரு வரியை வழி முழுக்க வாசித்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏறியபடியே இருந்தது. முதல் நாள் முழுக்க, ஒரு தரம் தெளிவார், ஒரு தரம் மயங்குவார். கட்டிலோரத்தில் ஜெபம் பண்ணப் பார்த்தேன், சொல் வரவில்லை. 'நான் கொன்றுபோட்டேன்' என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. மூன்றாம் நாள் இவர் எழும்பி இருந்து, ஆஸ்பத்திரிச் சோற்றைக் குறை சொன்னார். ஐந்தாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள்.

அடுத்த நாளே அந்தச் சின்னப் பிள்ளையிடம் போனோம். சபைக்காரரிடம் நானே முதலில் போய் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். மகளிடம் ஃபோனில் சொன்னபோது அவள் அழுதாள், அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பெண் டொக்டர் இவரைச் சோதித்து முடித்து, ஒரேயொரு வகைக் குளிசையைப் பையில் போட்டாள். "ஆர் எடுத்துக் குடுப்பினம்?"

"இவரே எடுக்கட்டும்" என்றேன். "நான் இனித் தொடமாட்டன், டொக்டர். இவரைச் சாகக் குடுக்கப் பாத்தது என்ரை கைதான்."

"உந்தக் கதையை விடும்" என்றார் இவர். பிறகு அவளைப் பார்த்து, "அவ தந்தாத்தான் நான் எடுப்பன், பிள்ளை. இல்லாட்டி எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இவர் விழுந்த நாளிலிருந்து திட்டுவார், திட்டுவார் என்று காத்திருந்தவள் நான். வெளியே ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் பாராமல் கதிரையில் இருந்து வாய்விட்டு அழுதேன். நான் அழுது முடிந்ததும் அவள் குளிசைப் பையை என் கையில் வைத்தாள்.