பாலை மரத்திலிருந்து பாலம் வரை

என் மாமா மோட்டார் சைக்கிளில் வருகிறார் என்பதை அறிய அக்கராயனில் யாரும் எட்டிப் பார்க்கவேண்டியதில்லை. முதலில் இருமல் சத்தம் கேட்கும். பிறகு வெள்ளைப் புகை தெரியும். கடைசியாகத்தான் மாமா வருவார். போர்க்காலத் தடையால் பெற்றோல் வராத வருடங்கள் அவை. வன்னியில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டு முனகிக்கொண்டு ஓடின. ஸ்டார்ட் செய்வதற்கு மட்டும் சில துளி பெற்றோல் வேண்டும். அதை மருந்துபோலப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள்.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை. காலையில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். எனக்கு எட்டு வயது. அவருக்கு முன்னால், பெற்றோல் டாங்கியின் மேல் உட்கார்ந்து போவேன்.

ஒருநாள் எங்கிருந்தோ ஒரு பழைய சேலைன் போத்தலைக் கொண்டுவந்து ஹாண்டிலில் கட்டினார். அதில் கொஞ்சம் பெற்றோல். மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்குகிற சின்னச் சக்கரம் அதன் குழாயில் அப்படியே இருந்தது. குழாயின் மறுமுனையை எஞ்சினுக்குப் பொருத்தினார். சக்கரத்தை உருட்டினால் பெற்றோல் இறங்கும். வண்டி இருமலை மறந்து, புகையை உதறிவிட்டுப் பாயும். உருட்டும் பொறுப்பு என்னுடையது. அந்த வயதில் அதைவிடப் பெரிய உத்தியோகம் எனக்குத் தெரிந்து வேறெதுவும் இருக்கவில்லை.

எங்கே உருட்டவேண்டும் என்பதில் மாமா மிகவும் கண்டிப்பு. பாலை மரம் வந்ததும் “பிள்ளை, இப்ப திற” என்பார். வாய்க்கால் பாலம் வந்ததும் “பூட்டு” என்பார். ஊரிலே அதைவிட நல்ல நேர் ரோட்டுகள் இருந்தன. அங்கெல்லாம் திறக்கட்டுமா என்று கேட்டால், பெற்றோலை வீணாக்கக்கூடாது என்பார். பாலை மரத்துக்கும் பாலத்துக்கும் இடையில் ஆறேழு வீடுகள். அவற்றில் ஒன்று எங்கள் வகுப்பு ரீச்சருடைய வீடு. அந்த வீட்டைக் கடக்கும்போது மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, நேரே ரோட்டைப் பார்த்தபடி போவார். ஒருபோதும் திரும்பிப் பார்த்ததில்லை. அவர்கள் முற்றத்துக் கொடியில் ரீச்சரின் வெள்ளைச் சேலை காயும். மண்ணெண்ணெய்ப் புகை அதில் படக்கூடாது என்பது மாமாவின் கவலை என்று எனக்கு அப்போது யார் சொல்வது?

அப்பாவுக்கு அந்தப் போத்தலில் நம்பிக்கை இல்லை. அது ஸ்டார்ட் எடுக்கத்தான் உதவும், மற்றதெல்லாம் பிரமை என்று சொல்லிவிட்டார். எனக்கு ரோசம் வந்தது. அடுத்த நாள் சக்கரத்தைத் திறந்தது போலப் பாவனை செய்துவிட்டு, மரத்திலிருந்து பாலம் வரை மனதுக்குள் எண்ணினேன். அறுபத்திரண்டு வந்தது. மாமா போத்தலைத் தட்டித் தட்டிப் பார்த்தார், பாவம். மறுநாள் உண்மையாகவே திறந்துவிட்டு எண்ணினேன். நாற்பத்தொன்று. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“அந்த இருபது எண்ணிக்கையை மிச்சம் பிடிச்சு உன்ர மாமா என்ன செய்யப்போறாராம்?”

ஆனாலும் வென்றது நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருமுறை பாலத்தடியில் திரும்பிப் பார்த்தபோது, ரீச்சர் பாதி பின்னிய கூந்தலைக் கையில் பிடித்தபடி வாசல் படலையடிக்கு வந்து நின்றார். நாங்கள் கிளப்பிய புழுதி அடங்கிக்கொண்டிருந்தது. ஏசத்தான் வந்தார் என்று முடிவுசெய்து முன்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் நினைத்தது போலவே சில நாட்களில் ரீச்சர் என்னை மேசைக்குக் கூப்பிட்டார். என் கணக்குக் கொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“மாமாட்டைச் சொல்லும், எங்கட வீட்டடியில கொஞ்சம் மெல்லப் போகச் சொல்லி.”

நான் சொல்லவில்லை. சொன்னால் என் உத்தியோகம் போய்விடும். இரண்டு மூன்று நாட்கள் மறைத்துவைத்தேன். கடைசியில் மாமாவே ஒரு மாலை, மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, “ரீச்சர் என்னைப் பற்றி ஏதும் கதைச்சவாவோ?” என்று கேட்டார்.

பொய் சொல்லப் பயமாக இருந்தது. “ஓம். தங்கட வீட்டடியில அப்பிடி ஓட வேண்டாமாம். ஏசினவா” என்றேன்.

கடைசிச் சொல் நானாகச் சேர்த்தது. ரீச்சர்மார் வேறு எதற்காகப் பேசுவார்கள்?

மாமா “சரி பிள்ளை” என்றார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் காலை பாலை மரத்துக்கு முன்பே வண்டி குளக்கட்டுப் பக்கம் திரும்பியது. குண்டும் குழியுமான சுற்றுப் பாதை. அங்கே போத்தலுக்கு வேலையே இல்லை. சில நாட்களில் அதைக் கழற்றி, தோட்டத்துத் தண்ணீர் இறைக்கும் மெஷினை ஸ்டார்ட் எடுக்க அப்பாவிடம் கொடுத்துவிட்டார். எனக்கு ரீச்சர்மேல் கோபமாக இருந்தது.

இரண்டு கிழமை கழித்து ரீச்சர் கேட்டார், மாமா இப்போது அந்த ரோட்டால் வருவதில்லையா என்று. நீங்கள் ஏசினதால்தான் நாங்கள் சுற்றிப் போகிறோம் என்று கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன்.

“நான் ஏசேல்லையே” என்றார் ரீச்சர். பிறகு என் கணக்குக்குச் சரி போட்டார். அது பிழையான கணக்கு. வீட்டுக்கு வந்து இதை மாமாவிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஏசுகிறவர்கள் ‘கொஞ்சம்’ என்று சொல்வதில்லை. இது எனக்கு விளங்க இருபது வயது கடந்துவிட்டது. வண்டி இருமிக்கொண்டு வந்திருந்தால், சத்தம் கேட்டுப் படலைக்கு வர ரீச்சருக்கு நேரம் இருந்திருக்கும். அந்த இருபது எண்ணிக்கையைத்தான் நாங்கள் பெற்றோல் ஊற்றிப் பறித்தோம். மாமா பிறகு வேறிடத்தில் கலியாணம் செய்து, பிள்ளைகளும் பெற்று, நல்லபடியாகவே இருக்கிறார். சொல்லலாமா என்று பலமுறை வாய் வரை வந்திருக்கிறது. இனிச் சொல்லி யாருக்கு என்ன பயன் என்று விழுங்கிவிடுகிறேன்.

அந்த ஆண்டு முடிவதற்குள் ரீச்சர் வீட்டாருக்கு வன்னியை விட்டு வெளியேறப் பாஸ் கிடைத்து, வவுனியாவுக்குப் போக ஆயத்தமானார்கள். கடைசி நாளில் ரீச்சர் என் தலையைத் தடவி, “நான் போறன் எண்டு மாமாட்டைச் சொல்லும்” என்றார். இந்த முறை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் ஒப்புவித்தேன். மாமா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். “அப்பிடியோ” என்றார். வாளியைக் கிணற்றுக்குள் விட்டு, அள்ளித் தலையில் ஊற்றினார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. அம்மா குசினிக்குள்ளிருந்து சாப்பிடக் கூப்பிட்ட பிறகும் நிறுத்தவில்லை.

அன்றைக்குச் சரியான வெயில். அதனால்தான் என்று நினைத்தேன்.